மீசைக்காரனுக்கு ஒரு இடம்

2024 ஜனவரி 23

தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு இன்று அரை மணி நேரம் பிந்திப் போனேன். ஏன் என்று கங்காணி கேட்டார். மீனுக்குத் தண்ணி மாற்றினேன் என்றேன். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "புருசன் இருக்கிறப்ப அந்த மீனத் திட்டாத நாள் இல்ல, இப்ப பாரு சேவகத்த" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். மூன்று மாசத்தில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திட்டினது நிஜம்தான். லயத்து வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறை, அதுதான் எங்கள் காம்பரா. அதில் நாலு அடிக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தால் யார் திட்டமாட்டார்கள்? ஆட்டோ ஓட்டிவிட்டு வந்தால் முதல் பேச்சு மீனோடு, அப்புறம்தான் என்னோடு. ஒக்டோபரில் ஒரு நாள் அப்படி வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

இந்த டயரி அவருடையது. முன் பக்கங்களில் தீனி போட்ட நாள், தண்ணி மாற்றிய நாள், வேறொன்றும் இல்லை. மிச்சத்தில் நான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜனவரி 28

ஞாயிறு. வேலை இல்லை. மீசைக்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கெளுத்தி இனம். முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, வால் மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. மீசை ஆறு. இரண்டு நீளம், நாலு கட்டை. போன வருசம் பையில் கொண்டுவந்தபோது என் சுண்டு விரல் அளவுதான். இன்று தையல் டேப்பைக் கண்ணாடியில் வைத்து அளந்தேன். பதினெட்டு அங்குலம்! டேப்போடு சேர்ந்து அவனும் நகர்ந்தான். நான் அவனைப் பார்க்கிறேனா, அவன் என்னைப் பார்க்கிறானா?

டக், டக் என்று ஒரு சத்தம் வருகிறது. தொட்டித் தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற மெசின் என்று நினைத்தேன். மெசினை நிறுத்தியும் வந்தது. மீன் பேசுமா?

பெப்ரவரி 6

இமை இல்லை. அப்படியென்றால் எப்போது தூங்குகிறான்?

பெப்ரவரி 17

மாசத் திதி. அவருக்குப் பிடித்தது எல்லாம் சமைத்தேன். ரொட்டி, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, பருப்பு. இலையில் போட்டு வெளியே வைத்துக் காக்காயைக் கூப்பிட்டோம். ஒரே மூட்டம். ஒரு காக்காயும் வரவில்லை. நாத்தனார் சுதர்ஷினி கீழ் லயத்திலிருந்து வந்திருந்தாள். "அண்ணனுக்கு என்னமோ மனக்குற அண்ணி, அதான் எடுக்கல" என்றாள். என்ன குறை? எதை வைக்காமல் விட்டேன்?

அவள் போனதும் இலையை உள்ளே எடுத்து வந்தேன். மீசைக்காரன் மேலே வந்து வாயைத் திறந்தான். அவர் கையால் தின்றவன்தானே. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துப் போட்டேன். எல்லாவற்றையும் விழுங்கினான், இலைத் துண்டைக்கூட விடவில்லை. மனசு லேசானது.

பெப்ரவரி 18

தண்ணிக்கு மேல் எண்ணெய். மெசினுக்குள் இருக்கும் பஞ்சை எடுத்துச் சவுக்காரம் போட்டு நன்றாகக் கசக்கிக் கழுவினேன்.

பெப்ரவரி 20

கொன்னுட்டேன். நாந்தான் கொன்னுட்டேன். தண்ணி பால் மாதிரி ஆயிருச்சு, வயிறு பந்து மாதிரி வீங்கிக் கெடக்கு, மேல வந்து வந்து வாயத் தொறக்குறான். அவரும் அன்னிக்கு இப்படித்தான மூச்சுக்கு — இதையும் நான் உக்காந்து பாக்கணுமா? யார்கிட்ட கேக்குறது?

பெப்ரவரி 21

வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய், மீன் வாங்கிய கடை எங்கே என்று ஆட்டோக்காரர்களிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் ஷுக்ரி, முஸ்லிம் ஆள். அண்ணனுக்கு அவர்கள் சொல்கிற மாதிரி நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். யார் பெண்சாதி என்று சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என் புருசன் செத்தது அவருக்குத் தெரியாதாம். மீன் கிடக்கிற கிடப்பைச் சொன்னதும், என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"கருவாட்டுக் கொழம்பா! சோறு வைக்கல்லியா தங்கச்சி? அப்பளம்?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சைச் சவுக்காரம் போட்டுக் கழுவினதைச் சொன்னதும்தான் அவர் தலையில் கை வைத்தார். மீனின் கழிவு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணியில் நஞ்சாகுமாம். அந்த நஞ்சைத் தின்கிற நல்ல கிருமி பஞ்சில்தான் குடியிருக்குமாம். "நீங்க குடும்பத்தோட கழுவி ஊத்திட்டீங்க."

சொல்லிக் கொடுத்தது: தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணி மாற்ற வேண்டும். புதுத் தண்ணி பழைய தண்ணி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு வாரம் தீனி கிடையாது. பஞ்சைத் தொட்டித் தண்ணியிலேயே அலசினால் போதும்.

வந்ததும் மலைத் தண்ணி விழுகிற பீலியில் வாளியைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கேத்தலில் கொதிக்க வைத்துக் கலந்து, மணிக்கட்டை நனைத்துப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். பதினாறு வாளி.

பெப்ரவரி 23

இலைத் துண்டைக் கக்கிவிட்டான்.

மார்ச் 10

பிழைத்துவிட்டான். பயத்தில் தள்ளிப் போட்டு நேற்றுத்தான் முதல் தீனி, ஒரு துண்டு குளத்து மீன். இனி வாரம் இரண்டு தடவைதான். ஆனால் எப்போதும் பசி மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான், கள்ளன்.

தண்ணியில் விரலை வைத்தால் மீசையால் தடவிப் பார்க்கிறான். மீசையாலேயே ருசி பார்க்குமாம் இந்த இனம், ஷுக்ரி நானா போனில் சொன்னார். அப்படியென்றால் நான் என்ன ருசி? தேயிலைக் கறையா, சவுக்காரமா?

கேட்கவேண்டியதையும் கேட்டேன். இன்னும் எவ்வளவு வளருவான்?

"மூணு அடிக்குக் கொறயாது. நாலும் வரும். பதினைஞ்சு இருவது வருசம் இரிக்கும்."

"இத அவர்கிட்ட சொன்னீங்களா நானா?"

"சொன்னேன் தங்கச்சி. ஒங்கட மனுசன் சிரிச்சார். ஒரு காம்பராவுல எட்டுப் பேர் படுத்து வளந்தோம், நாங்க வளராமலா போயிட்டோம்னு கேட்டார். நானும் சிரிச்சுட்டு பைய முடிஞ்சு குடுத்துட்டேன். குடுத்திருக்கப்படாது."

புருசன் குரல் எனக்கு அப்படியே கேட்டது. அவர் பேசுகிற மாதிரிதான் அது.

மே 5

இருபத்திரண்டு அங்குலம். திரும்ப வேண்டுமென்றால் உடம்பை அரிவாள் மாதிரி வளைக்கிறான். மூக்கு நுனியில் கண்ணாடி உரசி ஒரு வெள்ளைப் புண்.

தொட்டிக்கு ஏற்ற அளவில்தான் மீன் வளரும் என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். ஷுக்ரி நானாவிடம் கேட்டேன். வளரப் பார்க்குமாம், முடியாமல் முதுகெலும்பு கோணிப்போகுமாம், சீக்கிரம் சாகுமாம். அதை வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஜனங்கள் நினைக்கிறார்களாம். இதைக் கேட்டதில் இருந்து காம்பராவின் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புருசனுடைய அப்பாவுக்கும் முதுகு கூனல்தான். அது கொழுந்துக் கூடை சுமந்ததால் என்று சொல்வார்கள்.

ஜூன் 16

சுதர்ஷினி வந்து தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "வருசத் திதி அன்னிக்கு ஆத்துல விட்டுருவோம் அண்ணி. ஒரு உசிர விடுதல பண்ணின புண்ணியம் அண்ணனுக்குப் போய்ச் சேரும்."

எனக்கும் அது நல்லதாகப் பட்டது. ஆறு பெரிசுதானே.

ஜூன் 17

ஷுக்ரி நானா கோபித்துக்கொண்டார். இதுவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தினது இல்லை. "இது எங்கட நாட்டு மீன் இல்ல தங்கச்சி. ஆத்துல விட்டா குளிர்ல வெறச்சுச் சாகும். சாகாட்டி அங்க உள்ள குஞ்சு குருமான் எல்லாத்தயும் முழுங்கும். ரெண்டுல எது நடந்தாலும் ஒங்கட கையாலதான்."

மொனராகலையில் ஹுமைத் என்று ஒருத்தர் பெரிய சீமெந்துத் தொட்டி கட்டி, மற்றவர்கள் வளர்க்க முடியாமல் கைவிட்ட மீன்களை வைத்திருக்கிறாராம். அங்கே தண்ணி எப்போதும் சூடாம்.

நான் கைவிட்டவளா?

ஜூலை 7

பஸ்ஸில் மொனராகலைக்குப் போய் வந்தேன். பசறையில் இருந்து மலை இறங்க இறங்கச் சூடேறியது, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இடம் பார்க்காமல் மீனைக் கொடுக்கக்கூடாது என்று ஹுமைத்தே சொல்லிவிட்டார். தொட்டியா அது! எங்கள் லயத்தில் மூன்று காம்பராவைச் சேர்த்த நீளம். மழை வெள்ளத்தில் மீன் வெளியே போகாதபடி சுற்றிலும் உயர்த்திக் கட்டியிருக்கிறார். உள்ளே இதே இனத்தில் நாலு. ஒன்று என் காலடியில் வந்தது. ஆட்டுக்குட்டி அளவு. அதன் முதுகு நடுவில் மடங்கியிருந்தது.

"இது ஆறு வருசம் ஒரு மூணடித் தொட்டியில கிடந்தது" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பக்கமும் ஆள். அழ முடியவில்லை.

ஜூலை 8

மீனை ஹுமைத்திடம் கொடுக்கலாம் என்றதும் சுதர்ஷினியோடு சண்டை.

"அண்ணன் ஆசையா வளத்தத ஊரான் கையில தூக்கிக் குடுக்கப் போறீங்க. பொறகு அண்ணன் ஞாபகம்னு ஒங்ககிட்ட என்ன இருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

என்ன இருக்கும்? பிள்ளை இல்லை. தவணை பாக்கி என்று கம்பனிக்காரர்கள் ஆட்டோவை எடுத்துப் போய்விட்டார்கள். சட்டையில் இருந்த வாசம் ஏப்ரலோடு போய்விட்டது. கொடுக்கப்போவதில்லை என்று இன்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஆகஸ்ட் 29

மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தால் தண்ணி சில்லென்று இருக்கிறது. திரும்பும்போது வாலால் அடித்து, தண்ணிக்குச் சூடு போடும் கண்ணாடிக் குழாயை உடைத்திருக்கிறான். நல்ல வேளை, மின்சாரம் நின்றிருந்தது. இல்லாவிட்டால் அவனும் போயிருப்பான், கையை விட்ட நானும் போயிருப்பேன். கேத்தல் கேத்தலாக ஊற்றிக்கொண்டிருந்தபோது எனக்குள்ளே ஒன்று தெளிந்தது. நான் மீனை வைத்திருக்கவில்லை. அவரை வைத்திருக்கப் பார்க்கிறேன். அதற்கு இவன் மூக்கு ஏன் உடைய வேண்டும்?

ஹுமைத்துக்குப் போன் பண்ணினேன்.

செப்டெம்பர் 15

இரண்டு நாள் பட்டினி போட்டேன். வயிற்றில் ஏதும் இருந்தால் வழியில் கக்கித் தண்ணியைக் கெடுக்கும். மொனராகலைக்கு மரக்கறி ஏற்றிப் போகிற தினேஸ் தம்பி லொறியோடு வந்தான், பின்னால் நீலப் பீப்பா. வலையில் பிடித்தால் செட்டை முள் சிக்கிக்கொள்ளும் என்று ஈரத் தார்ப்பாயில் அள்ளினோம். அப்படியும் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டான். "அக்கா, போற போக்குல கையெழுத்துப் போட்டுட்டான்" என்றான் தினேஸ்.

வழி முழுக்கப் பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். உள்ளே டக், டக்.

ஹுமைத்தின் இடத்தில் இறக்கி விட்டதும் அடியில் போய்ப் படுத்துவிட்டான். முதல் ஒரு மாசம் தனித் தொட்டிதானாம், அதுவே எங்கள் காம்பரா அளவு, நோய் இருந்தால் மற்றதுக்கு ஒட்டக்கூடாது என்று. நான் கூப்பிட்டேன். வரவில்லை.

செப்டெம்பர் 24

இன்னும் தின்னவில்லையாம்.

ஒக்டோபர் 2

இன்னும் இல்லை. பதினேழு நாள். இடம் மாறினால் இப்படித்தான் என்று ஹுமைத் சொல்கிறார். தின்னாமலே போயிட்டா? சுதர்ஷினி மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?

ஒக்டோபர் 8

வருசத் திதி. சமைத்தேன். மூன்று மாசம் பேசாமல் இருந்த சுதர்ஷினியும் வந்தாள். தேங்காய் உடைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டாள், "தின்னுச்சா?"

காலையில் வந்த வீடியோவைக் காட்டினேன். ஹுமைத் மீன் துண்டைப் போடுகிறார். அடியில் இருந்து ஒரு கருப்பு எழும்புகிறது, வாயைத் திறக்கிறது, துண்டைக் காணோம். அப்புறம் திரும்புகிறான். வளையாமல், நேராக, அவசரமே இல்லாமல், அகலமாகத் திரும்புகிறான். நான் அதை எட்டுத் தடவை பார்த்துவிட்டேன். அவளும் மூன்று தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

டிசெம்பர் 2

கொழுந்து பதினெட்டுக் கிலோ. மத்தியானம் தெரியாத நம்பரில் இருந்து போன். பண்டாரவளையில் இருந்து ஜெயமலர் டீச்சர். யாழ்ப்பாணத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. அவரிடமும் ஒரு கெளுத்தி இருக்கிறதாம், தொட்டிக்குள் திரும்ப ஏலாமல் கிடக்கிறதாம். ஹுமைத் என் நம்பரைக் கொடுத்து, முதலில் இந்த அக்காவோடு பேசுங்கள் என்றாராம்.

"நான் உயிரியல் படிப்பிக்கிறனான். எண்டாலும் இதில எனக்கு ஒண்டும் தெரியேல்ல. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொள்ளுறன்."

பேனா உரசுகிற சத்தம் போனில் கேட்டது. பட்டினி, தார்ப்பாய், பீப்பா, கேத்தல் தண்ணி, பஞ்சு எல்லாம் சொன்னேன். ஒரு டீச்சருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்! ஒவ்வொன்றுக்கும் "ம்ம், பிறகு" என்றார். கடைசியில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"குடுக்கேக்க அழுதனீங்களோ?"

"அழுதேன் டீச்சர். அத எழுதிக்காதீங்க."

டீச்சர் மூக்கை உறிஞ்சிவிட்டு, மீனை எத்தனை நாள் பட்டினி போடவேண்டும் என்று மறுபடியும் கேட்டார். இரண்டு நாள் என்றேன்.