அண்ணிக்கு ஒரு சோதனை அட்டை

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம், அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடத்து எலிகளும் சுகம்தானே. கடிதம் எழுதச் சோம்பல்படுவதில் மூன்று உலகத்திலும் எனக்கு நிகர் கிடையாது, நானே பேனா எடுத்திருக்கிறேன் என்றால் விஷயம் பெரிது. பயப்படாதே, உன் அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, நன்றாக நடக்கிறார், என்னைத் திட்டும் வேகம்கூடப் புயல் அளவுக்குத் தேறிவிட்டது. வேறொன்றுதான் திரும்பவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா, அதாவது என் அண்ணி, இஸ்திரிப் பெட்டியில் இடது கையைச் சுட்டுக்கொண்டார். அவர் அலறியதில் நான் மாடியிலிருந்து பறந்தே வந்தேன், படியில் கால் பட்டதாக ஞாபகமில்லை. இரண்டடி தள்ளி அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி படித்தார். அண்ணி அழவில்லை, துணிகளைப் பயணப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். முப்பத்தோரு வருஷம் யாரோடு இருந்தேன் என்றே தெரியவில்லை, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றார். போன விடுமுறையில் நீ சொல்லிக்கொடுத்ததை நான் பெரிய பேராசிரியன் மாதிரி எடுத்துவிட்டேன். ஓர் எலிக்கு வலித்தால் பக்கத்து எலியின் மூளையில், தனக்கு வலிக்கும்போது துடிக்கிற அதே செல்கள் துடிக்கும், ஒரே கூண்டில் பழகியது என்றால் இன்னும் அதிகம், அந்த இடத்தை மரத்துப்போக வைத்தால் கூட்டாளி கத்தினாலும் சும்மா நிற்கும், அண்ணனுக்கு ரத்தக்குழாய் அடைத்ததும் அப்படி ஓர் இடத்தில்தான் என்று டாக்டர் சொன்னாரே, அன்பு உள்ளேதான் இருக்கிறது, அதை எழுப்பும் மணிதான் அறுந்துவிட்டது என்றேன். "உங்க எலிக் கதைய என் கைக்குச் சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணி. என் பேராசிரியர் பதவி அத்தோடு போயிற்று.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம், வண்டி வெளியே போகுமுன் அட்டை வைத்து டயர், பிரேக், விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறித்த மனுஷன் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் காலை பழைய அட்டை ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு எடுத்துக்கொண்டு அண்ணி முன்னால் நின்றார். முகம், குரல், கை, நடை என்று பார்த்துப் பார்த்து டிக் போட்டார். எனக்கு வந்த சிரிப்பில் வீட்டுச் சுவர் விழுந்திருக்க வேண்டும். "நான் என்ன பஸ்ஸா?" என்று அண்ணி அட்டையைப் பிடுங்கினார். பிடுங்கியவர் வாசித்தார். கோளாறு என்ற கட்டத்தில், இடது கையில் கொப்புளம், நேற்று நான் கவனிக்கவில்லை, எனக்குத் தானாகத் தெரிவதில்லை, தினமும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். என் சிரிப்பு எங்கே போயிற்றோ. வண்டியை ஏற்றுக்கொண்டதாக டிரைவர் கையெழுத்துப் போடும் கோட்டையும் பழக்கதோஷத்தில் கீழே வரைந்திருந்தார். அண்ணி அண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுதினார்.

அதனால் நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, நூறு வருஷம் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் கப்பல் கப்பலாக உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உன் குரல் கம்மினால் அப்பாவுக்குத் தெரியாது, ஏன் கேட்கவில்லை என்று மனம் உடையாதே. அப்பா, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடாமல் கொஞ்சம் பொறு. உனக்கும் ஓர் அட்டை கோடு போட்டு வைத்திருக்கிறார், எழுந்துபோய் எடுத்துவர அவருக்கு நேரமாகும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா