புகை போட்ட கொட்டாயில் பூஜ்யம் எழுதினேன்

ஹாரன் அடிக்காமலேயே இந்தத் தாலுகா முழுக்க ஜீப் ஓட்டிய என் காதர் அண்ணனுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். சொல்வதற்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள ஒரு தப்பு இருக்கிறது. திட்டும்போதும் சிரித்துக்கொண்டே திட்டுகிற ஆள் எனக்கு உங்களை விட்டால் வேறு யார்?

முதலில் வீட்டுச் சேதி. அரக்கோணத்தில் அண்ணி நன்றாக இருக்கிறார்கள். பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார்கள், கிறிஸ்துமஸுக்கு நான் கேக்கோடு போனேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் பேசிப் பார்த்தோம், இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை. ஜீப்புக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். தங்கமான மனிதர், ஆனால் பேச்சு கிடையாது. பள்ளிப்பட்டு போய்த் திரும்பி வந்தால் மொத்தம் நாலு வார்த்தை. நீங்கள் கே.ஜி.கண்டிகை டீக்கடை வருவதற்குள் நாலு குடும்பத்துக் கதையை முடித்திருப்பீர்கள். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே.

நம் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் நீங்கள் சொல்வது இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. "நாங்க கொசுவ கொல்ல வரலீங்க, புடிச்சினு போக வந்துருக்கோம்" என்பீர்கள். அவர்கள் விழிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டாய்க்குள் டார்ச்சோடு போய், சுவரிலும் கூரையிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பதும், ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஐஸில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும் ஒரு வேலையா என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். குழாய்க்கு நடுவில் வலை இருக்கிறது, கொசு வாய்க்குள் போகாது என்பதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியில் பெருகிக் கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொசுவுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஓர் ஊரையே காப்பாற்றலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் டி.வி. பக்கம் திரும்பிவிடுவார்கள்.

சரி, தப்புக்கு வருகிறேன்.

உங்கள் வழக்கம் நினைவிருக்கிறதா? எந்த ஊருக்குப் போனாலும் முன்கூட்டிச் சொல்ல மாட்டீர்கள். ஜீப்பை ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் கூட்டிப் போவீர்கள். பத்து வருஷமாக அதை நான் மரியாதைக் குறைவு என்றே நினைத்தேன். பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரு போன் பண்ணிவிட்டுப் போனால் என்ன என்று சண்டை போட்டேன். "கொசு இன்னா சொல்லினா வருது ஊட்டுக்கு? நாம மட்டும் இன்னாத்துக்கு சொல்லினு போவணும்?" என்பீர்கள். நான் உங்களைச் சோம்பேறி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு என் இஷ்டம்தானே. மேரி ஸ்டெல்லா நாகரிகம் தெரிந்தவள் அல்லவா, நாம் போகிற வியாழக்கிழமைகளில் மதியமே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ண ஆரம்பித்தேன். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டின ஊரில் தனலட்சுமி வீட்டுக் கொட்டாய் உங்களுக்குத் தெரியும். இரண்டு எருமை, ஒரு கறவை மாடு, பின்பக்கம் நெல் வயல், அதற்கும் பின்னால் குமார் வளர்க்கிற பன்றிகள். உங்களோடு போன நாட்களில் அங்கே குழாய் நிரம்பாமல் திரும்பினதே இல்லை. நான் போன் பண்ண ஆரம்பித்த பிறகு முதல் வாரம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்து விரல் விட்டு எண்ணுகிற அளவு. பிறகு பூஜ்யம். இரண்டு மாதம், வாராவாரம் பூஜ்யம்.

நான் சந்தோஷப்பட்டேன் அண்ணே. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். கொட்டாய் சுத்தமாகக் கூட்டியிருந்தது, மாடுகள் குளித்திருந்தன, உள்ளே போனால் வேப்பிலையும் நொச்சியும் கலந்த ஒரு வாசம். அந்தி நேரத்தில் எந்த வீட்டில்தான் புகை வாசம் இல்லை என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்கவில்லை. "உங்க கொட்டாய் எப்பவும் நல்ல வாசமா இருக்கும்மா" என்று பாராட்டு வேறு. தனலட்சுமி முகமெல்லாம் சிரிப்பாக டீ கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வாரம் வாசம் இன்னும் தூக்கலாக இருந்தது.

என் பூஜ்யங்களைப் பார்த்த ஆபீசர், அந்த ஊரை அடுத்த மாதத்திலிருந்து பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு வேறு ஊர் சேர்க்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

கடைசி வியாழன் என்று நினைத்துப் போன அன்றைக்கு, டீ டம்ளரை வாங்கும்போது தனலட்சுமி பேச்சுவாக்கில் சொன்னாள்: "குமாரு பாவம்க்கா. ரெண்டு பன்னி குட்டி போட்டுச்சி, ரெண்டுத்துலயும் எல்லாம் செத்தே பொறந்துச்சி."

நீங்கள் விசாரிக்கிற விதம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் நீங்கள் தெலுங்கில் பேச்சை ஆரம்பித்து, கொசுவைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் மாடு எப்படி இருக்கிறது, பன்றி குட்டி போட்டதா, குட்டி பிழைத்ததா என்றுதானே கேட்பீர்கள்? பொழுதுபோகாமல் அரட்டை அடிக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வைரஸ் பன்றியைப் படுக்கவைக்காது, ஆனால் வயிற்றுக் குட்டியைக் கொன்றுவிடும் என்று பயிற்சியில் நான் எழுதிவைத்திருக்கிறேன். நோட்டில் இருந்தது, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குட்டி சாவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கொசுவே இல்லாத ஊரில் இது எப்படி?

மறுநாள் வெள்ளிக்கிழமை. யாருக்கும் போன் பண்ணவில்லை. ஜீப்பைப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். புது டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை, அவர்தான் எதுவுமே கேட்க மாட்டாரே. நடந்து போய் தனலட்சுமி வீட்டு வாசலில் என் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு நேராகக் கொட்டாய்க்குள் நுழைந்தேன். டார்ச் அடித்தால், ஐயோ அண்ணே, சுவர் முழுக்க. முகத்தில் மோதுகிறது, காதுக்குள் பாடுகிறது. குழாய் மேல் குழாயாக நிரப்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் தனலட்சுமி ஓடி வந்தாள். கையில் மண்சட்டி, அதில் நெருப்பு, மேலே பச்சை வேப்பிலை.

"இன்னாக்கா இது, சொல்லாத கொள்ளாத வந்துட்டீங்க? மூட்டம்கூட போடலியே! இருங்க, ரெண்டே நிமிஷம், எல்லாம் ஓடிப்பூடும்!"

"எப்பவும் மூட்டம் போடுவியாம்மா?"

"ஆங், நீங்க வர்ற அன்னிக்குத்தான்க்கா. மதியம் போன் வந்ததும் போட்டுடுவேன். நீங்க வர்றதுக்குள்ள சட்டிய எடுத்துடுவேன். ஆபீஸ்காரங்க கொட்டாயில குந்தினு கீறீங்க, கொசு புடுங்குதுன்னா எங்களுக்குத்தானே கேவலம்? நீங்ககூட வாசம் நல்லாக்கீதுன்னு சொன்னீங்களே!"

சிரிப்பதா அழுவதா? கொசு பிடிக்க வருகிறவளைக் கொசு கடிக்கக் கூடாது என்று ஒரு பெண் இரண்டு மாதம் வேப்பிலை பறித்திருக்கிறாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? போன் பண்ணினது யார்?

அப்போதுதான் அவள் மகள் யாமினி வந்து என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டரை வயது. என்னைக் "கொசு அத்தே" என்றுதான் கூப்பிடுவாள். முழங்காலுக்குக் கீழே பத்து இடத்தில் கடித்துத் தடித்திருந்தது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டேன். தனலட்சுமிக்குச் சரியாகத் தெரியவில்லை. பிரசவம் அம்மா வீட்டில், நகரிப் பக்கம். அங்கே கேட்டால் இங்கே போட்டிருப்பார்கள் என்று சொன்னார்களாம், இங்கே கேட்டால் அங்கே போட்டிருப்பார்கள் என்றார்களாம். அட்டையைத் தேடி எடுத்துவந்தாள். அந்த ஊசியின் இரண்டு தவணைக்கான கட்டமும் காலி. இப்படி எல்லைக்கு நடுவில் விழுந்த குழந்தைகள் அந்தத் தெருவில் இன்னும் சிலர் இருந்தார்கள்.

நான் எழுதின பூஜ்யத்தை நம்பி இந்த ஊரை விட்டுவிட்டுப் போயிருப்போமே.

மறுநாள் காலையில் ஆபீசர் முன்னால் போய் நின்றேன். "சார், அந்த ஊர்ல நான் குடுத்த பூஜ்யம் எதுவும் செல்லாதுங்க" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் இப்படியா என்று கேட்டார். கேட்க வேண்டியதுதானே? பிறகு பழைய தாள்களை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் 'புகை போட்டிருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. அந்த ஊரும் பட்டியலில் நின்றது.

பரிசோதனை முடிவு வந்தது. நான் அனுப்பின குழாய்களில் ஒன்றில் வைரஸ் இருந்தது அண்ணே.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து நர்ஸ்கள் அவர்கள் ஊர்க் குழந்தைகளின் பட்டியலோடு வந்தார்கள், இரண்டு பக்கத்து நோட்டையும் முதல் முறையாக ஒன்றாக வைத்துப் பார்த்தோம். கால்நடை டாக்டர் வந்து பன்றிகளிடம் ரத்தம் எடுத்தார். "என் பன்னிய எல்லாம் புடிச்சினு பூடுவாங்களாக்கா?" என்று குமார் என்னிடம் தனியாகக் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டரே புரியவைத்தார். பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி மாற்ற ஊர்க்காரர்களே வந்து கம்பு நட்டார்கள். அவரைத் துரத்துவார்கள் என்று நான்கூடப் பயந்திருந்தேன், என் பயம் பொய்த்துப்போனது. மழை முடிந்துவிட்டது, நெல் அறுத்தாயிற்று. அந்த ஊரில் ஒரு குழந்தைக்குக்கூட அந்தக் காய்ச்சல் வரவில்லை.

நீங்கள் ஏன் போன் பண்ண மாட்டீர்கள் என்பதற்கு இதுதான் காரணமா அண்ணே? தெரிந்தே செய்தீர்களா, இல்லை உண்மையிலேயே சோம்பேறித்தனமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமலே நான் வாழ வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்கு ஒரே ஒரு பிரச்சினைதான். முகாமில் யாமினியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டது நான். ஊசி குத்தின அடுத்த நொடி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! முருகனுக்கே கோபம் தணிந்த மலை பக்கத்தில்தான் இருக்கிறது, இவளுக்குத் தணியவில்லை. நான் போனால் எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். மிட்டாய் நீட்டினால் வாங்கிக்கொண்டு மறுபடி ஒளிந்துகொள்கிறாள். அத்தே என்று கூப்பிடுவதே இல்லை.

கோபமாகவே இருக்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு அவள் நன்றாக இருக்கிறாள், எனக்கு அது போதும். அவள் பள்ளிக்கூடம் போய், பாவாடை தாவணி போட்டு, இந்தப் பொம்பளை மேல் நமக்கு என்ன கோபம் என்பதே மறந்துபோகும்வரைக்கும், வாராவாரம், சொல்லாமல் கொள்ளாமல், அந்த வாசலில் போய் நிற்பேன். இது உங்களுக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

ஒரு வயிற்றில் பிறக்காவிட்டாலும் என்றும் உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா
திருத்தணி