இன்ஜின் நின்ற பிறகு

அன்புள்ள வாப்பாவுக்கு, ஆயிஷாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலியும் உம்மாவின் இருமலும் குறைந்ததா?

மதுரையில் நான் நலம். மணிக்கட்டில் போட்டிருந்த கட்டை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். எதற்குக் கட்டு என்று போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வாரம் முன்பு, பயிற்சியில் அழகர்கோவில் மலைக்குக் கிழக்கே பறந்துகொண்டிருந்தபோது ஹெலிகாப்டரின் இன்ஜின் நின்றுவிட்டது. பயிற்சியாளர் சுப்பராமன் சார், "பயப்படாதம்மா, காத்து இருக்கு" என்றார். இறங்க இறங்க, கீழிருந்து வந்த காற்றே மேலே இருந்த இறக்கைகளைச் சுழற்றியது, வாப்பா! பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் வெறும் காற்று எங்கள் இருவரையும் ஏந்திவந்து அறுவடை முடிந்த வயலில் இறக்கியபோது, "சுப்ஹானல்லாஹ்" தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை. வரப்பில் இடித்து ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்ததில் என் மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான்.

பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். "அம்புட்டு உசரத்துல இருந்தா வாரே தாயி?" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உம்மாவிடம் மாசிச் சம்பல் அனுப்பச் சொல்லுங்கள். ஃபஜ்ருக்கு என்னைக் கூப்பிடுவீர்களே, அந்தக் குரலைச் செல்லில் பதிந்து அனுப்புங்கள். இங்கே அலாரம்தான் எழுப்புகிறது.

பயிற்சித் தளத்துக்குப் போகும் வேன் வந்துவிட்டது. இன்று மறுபடி பறக்கப் போகிறேன். துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
ஆயிஷா சித்திகா