மாவு மூட்டை நூலில் பின்னிய தாம்பூலப் பை

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு நூலுருண்டையை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். மாவு மூட்டையின் வாயைத் தைத்த நூல். துறைமுகக் கிடங்கில் மூட்டை பிரிக்கும்போது சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழையாக வந்துவிடுமே, அதே வெள்ளை நூல். புளித்த மாவும் கப்பல் எண்ணெயும் கடல் ஈரமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. இது யாருக்கு என்று கேட்டேன். மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். கை பழகிப் போச்சு என்றார். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரன் கை இன்னும் உனக்காக நூல் உருவுகிறது. உன் கூடப் பிறந்தவன் வீட்டிலோ உன் பேரைச் சொல்ல ஒரு நாக்கு இல்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் ஆறவில்லை. அவர்கள்மேல் இருப்பது போக, உன்மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. செத்துப் போனவளோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். நான் போடுவேன். நீ உயிரோடு இருந்தபோது என்னை எங்கே பேசவிட்டாய்?

பினாங்குக் குவீன் தெருப் பின்சந்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தபோது நீ ஏற்கெனவே வெள்ளைச் சேலையில் இருந்தாய். கட்டினவனின் முகம் சரியாகப் பழகும் முன்பே அவனைக் காய்ச்சல் கொண்டு போய்விட்டது என்று பிறகு சொன்னாய். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உன் அண்ணன் உன்னைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். ஊரே அவரைப் புகழ்ந்தது. அண்ணி பிள்ளை பெற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அந்தச் சிசுவைத் தூக்கிக் குளிப்பாட்டி, பால் கரைத்துக் கொடுத்து வளர்த்தவள் நீ. அதைப் புகழ்ந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

காலையில் உன் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். அதனால் நீ காய்கறி வாங்கப் பசாருக்குப் போவதில்லை, உங்கள் வீட்டுக்கும் சேர்த்து நான்தான் போவேன். கூடை கனக்கிறது, ஓலைப்பெட்டி மழையில் ஊறிப் போகிறது என்று நான் ஒருநாள் உன்னிடம் புலம்பினேன். நீ என் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பழைய குடைக்கம்பியை வாங்கி, அதன் நுனியைக் கொக்கியாகத் தேய்த்துத் தரச் சொன்னாய். சின்னப் பிள்ளையில் கான்வெண்டில் கற்றுக்கொண்ட பின்னல் அது. வெள்ளைக்காரச்சிகளின் மேசைக்கு ஜாலர் பின்னப் பழக்கினார்களாம். அந்தப் பின்னலை நீ மூட்டை நூலில் போட்டாய். நூலைச் சோடாவில் வேகவைத்து, அலசி, கொடியில் காயப்போட்டு, அடியில் வட்டமாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஏறினாய். முடிந்ததும் அது ஒரு கையளவுக்குள் அடங்கும் வலை. பசாரில் அதற்குள் கத்தரிக்காயும் கீரையும் மீனும் போட்டால் இடுப்பளவுக்கு இறங்கும். வீட்டுக்கு வந்து உதறி ஆணியில் மாட்டினால் மறுபடியும் ஒன்றுமே இல்லாதது போலச் சுருங்கிவிடும்.

எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். "அடியில நெருக்கிப் பின்னு, சின்ன வெங்காயம் விழக் கூடாது. மேல போகப் போக விட்டுக் குடு. சாமான் தன் இடத்தைத் தானே பண்ணிக்கும்." நான் பின்னினது எல்லாம் கோணல்மாணலாக வந்தது. நீ சிரித்தாய். உனக்கு நன்றாகச் சிரிக்கத் தெரியும் என்பதே அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் நீ வளர்த்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில். இரயில்வேயில் உத்தியோகம், நல்ல சம்பளம், வாய் கொஞ்சம் நீளமான மாமியார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் கையில் பிடித்துக்கொண்டு பெரிப் படகு ஏறத் திண்டாடுகிறார்கள், வலைப்பையில் போட்டுக் கொடுத்தால் பினாங்கிலேயே யாரும் செய்யாத புதுமையாக இருக்கும் என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டது. பின்னுவது நீதான் என்பதில் அப்போது அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நான்தான் கேட்டேன், தாம்பூலப் பையாச்சே, பரவாயில்லையா என்று. நூலுக்கு என்ன தீட்டு இருக்கிறது என்று அண்ணி பட்டென்று சொல்லிவிட்டாள். வேலை ஆகவேண்டும் என்றால் சாஸ்திரம் தானாக வழிவிடும்.

மங்கல காரியம் என்பதால் நூலை மஞ்சளில் தோய்க்கச் சொன்னாள். அண்டாவில் மஞ்சளைக் கரைத்து நூலைப் போட்டுப் பிழிந்ததும் நீதான். ஈரம் முழுக்கக் காயும் முன்பே பின்ன ஆரம்பித்தாய், நாள் போதாது என்று. ஒரு மத்தியானம் என்னைச் சுவரோரம் கூப்பிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாய். உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. "பாத்தியாடி, எனக்கும் ஏறிடுச்சு," என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் போன நாளிலிருந்து உன் உடம்பு மஞ்சளைக் கண்டதில்லை என்று எனக்குத் தெரியும். நீ அந்தக் கைகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அண்ணி அதைப் பார்த்ததும் வீடு ரெண்டுபட்டது. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று கத்தினாள். புளியையும் சாம்பலையும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். நீ தோல் சிவக்கத் தேய்த்தாய். மஞ்சளாவது, அத்தனை சீக்கிரம் போவதாவது! கடைசியில் கல்யாணத்தன்று உன்னைப் பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த அறையில் உட்காரவைத்தார்கள். எப்படியும் முகூர்த்தத்தில் நிற்க விடமாட்டார்கள் என்பது உனக்கும் தெரிந்ததுதான். ஆனால் கதவைச் சாத்தி வைப்பார்கள் என்று நானே நினைக்கவில்லை.

உன் அண்ணனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். சங்கத்து மேடையில் ஏறி, விதவைகளின் கண்ணீரைத் துடைக்காத சமூகம் உருப்படாது என்று அவர் முழங்கியதை என் வீட்டுக்காரர் போய்க் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். அதே மனுஷர் அன்றைக்கு அந்தச் சாத்திய கதவைத் தாண்டித்தான் பந்தலுக்கும் அடுப்படிக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று தாம்பூலம் கொடுத்தது நான். பையைக் கையில் வாங்கின ஒவ்வொருத்தரும் அதை இழுத்துப் பார்த்து வியந்தார்கள். சம்பந்தியம்மா ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பின்னலை விரலால் தடவிவிட்டு, இது யார் கைவேலை என்று சபை நடுவே கேட்டாள். அண்ணி கண் இமைக்கவில்லை. "எல்லாம் உங்க மருமக பின்னினதுதான் சம்பந்தி. வேணும்னா கையைப் பாருங்க, மஞ்சள் இன்னும் போகல."

நலங்கு வைத்த கை. எந்தக் கல்யாணப் பெண்ணுக்குத்தான் கையில் மஞ்சள் இருக்காது? சம்பந்தியம்மா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணையே பார்த்தேன். உன் மடியில் கிடந்து வளர்ந்தவள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்தாள். பிறகு மெல்ல ஆட்டினாள், ஆமாம் என்று.

நான் பின்கட்டுக்கு ஓடிவந்து கதவைத் தள்ளித் திறந்து உன்னிடம் சொன்னேன். இப்போதே போய்ச் சபையில் போட்டு உடைத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "வாயை மூடு. அவ வாழப் போற வீடு. நீ சொன்னா என் மேல ஆணை." அந்த ஆணைக்காகத்தான் உன்மேல் எனக்கு இன்னும் கோபம். அன்றைக்கே உடைத்திருந்தால் ஒரு நாள் கூச்சலோடு போயிருக்கும்.

ஒரு நாளில் போகவேண்டியது வருஷக்கணக்கில் இழுத்தது. மருமகள் கைவேலையை ஊருக்குக் காட்ட வேண்டாமா? சம்பந்தியம்மாவின் தங்கைக்கு ஒரு பை, ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டிக்கு ஒரு பை, நவராத்திரிக்கு வருகிற சுமங்கலிகளுக்கு எல்லாம் பை. அந்தப் பெண்ணுக்கோ ஒரு கண்ணி போடவும் வராது. அவள் தாய்வீடு வந்தபோது நீ கற்றுக் கொடுக்க உட்கார்ந்தாய். விரல் நோகிறது என்றாள். நீங்கள்தான் இருக்கிறீர்களே அத்தை என்று சொல்லிவிட்டுக் கூந்தலை வாரப் போய்விட்டாள். நீ பின்னினாய். முடிந்த பைகளை அண்ணி சேலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பெரி ஏறினாள்.

பட்டர்வொர்த்திலும் பினாங்குப் பசாரிலும் எத்தனை சுமங்கலிகள் உன் பின்னலைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள்! நீ எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். எனக்கு ஒவ்வொரு பையைப் பார்க்கும்போதும் நாக்கு துருதுருக்கும். உன் ஆணை வந்து மறிக்கும். கை வலிக்கவில்லையா என்று உன்னைக் கேட்டால், "பொழுது போகணுமே, விடுலா," என்பாய். நானும் நம்பினேன். உனக்கென்று இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, நூலைப் பந்துபந்தாகக் கொண்டுவரச் சொல்லி இவரை விரட்டினேன்.

இருமல் வந்து நீ பெரியாஸ்பத்திரியில் படுத்தபோது அண்ணன் ஒருதரம் வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். அண்ணிக்கு முழங்கால் வலி. நான்தான் கஞ்சி கொண்டு வருவேன். ஒருநாள் நீ என்னைக் குனியச் சொல்லிக் காதில் பேசினாய். அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றுகூட நீ கேட்கவில்லை. பிள்ளைத்தாச்சி, ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம் என்றாய். "ஒரே ஒரு ஆள்கிட்டயாவது அவ வாயால சொல்லட்டும்டி. எங்க அத்தை பின்னினதுன்னு. அது போதும்." உன் வாழ்நாளில் நீ யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டதும் இத்தனை சின்னதாகக் கேட்டாய்.

மறுநாள் நான் பெரி ஏறிப் போனேன். சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, வாங்க அக்கா என்று பாய் போட்டாள். நீ படுத்திருப்பதைச் சொன்னேன். சம்பந்தியம்மா உச்சுக்கொட்டினாள். மாசமாக இருக்கிறவள் அங்கெல்லாம் வரக்கூடாது என்றாள். சரி, வரவேண்டாம் என்றேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த பையைக் காட்டி அந்தப் பெண்ணிடம் கேட்டேன், இதைப் பின்னினது யார் என்று உன் மாமியாரிடம் சொல்லேன் என்று. நான் சொல்லவில்லை, அவள்தான் சொல்லவேண்டும். உன் ஆணையை நான் மீறவில்லை.

அவள் முகம் ஒரு கணம்தான் மாறியது. அப்புறம் சிரித்தாள். "இதென்ன கேள்வி அக்கா? நான்தானே பின்னினேன். உங்களுக்குத் தெரியாததா?"

வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்தேன். வாசல் கேட் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தாள். மாமியாருக்குக் கேட்காத தூரம். மனசு கரைந்துதான் வருகிறாள், உனக்கு ஏதாவது சொல்லி அனுப்பப் போகிறாள் என்று நின்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வளைகாப்புக்கு நிறையப் பேர் வருகிறார்கள், அத்தைக்கு உடம்பு தேறினதும் பைகளைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லுங்கள் என்றாள். கையை ஓங்காமல் வந்ததே பெரிய காரியம். பெரியில் வரும் வழியெல்லாம் எனக்கு வாய் கசந்தது.

நேரே உன்னிடம்தான் வந்தேன். மத்தியான வெயில் வார்டுக்குள் விழுந்திருந்தது. நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடந்தாய். உட்காரக்கூட விடவில்லை.

"சொன்னாளா?"

"சொன்னா," என்றேன்.

"யார்கிட்ட?"

"மாமியார்கிட்டயே. எல்லார் முன்னாலயும். எங்க அத்தை பின்னினதுன்னு சொன்னா."

நீ அழுவாய் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அவளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பதறுவாய் என்று நினைத்தேன். நீ இரண்டும் செய்யவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாய். நெடுந்தூரம் நடந்து வந்தவள் சுமையை இறக்கி வைத்த மாதிரி உன் தோள் தளர்ந்தது.

"அப்பாடா," என்றாய். "அப்ப இனிமே நான் பின்ன வேண்டாம்."

அதிலிருந்து இரண்டு நாளில் போய்விட்டாய்.

அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அடிக்கடி தாய்வீட்டுக்கு வருகிறாள். சந்தில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறாள், நானும் பதில் சொல்கிறேன். உன் பேரை அவளும் எடுப்பதில்லை. உன் ஆணை இனிமேல் என்னைக் கட்டாது என்று எனக்குத் தெரியும். ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ கேட்டது என் வாயால் அல்லவே. உன்னிடம் சொன்ன அந்த ஒரு பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. அதை மெய்யாக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். ஒவ்வொரு தடவையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குழந்தையைக் கொஞ்சுகிறாள், வெயிலைத் திட்டுகிறாள், போயிட்டு வரேன் அக்கா என்கிறாள்.