உன் பையும் என் தகரப் பெட்டியும்

1985 ஜூலை 6, சனிக்கிழமை, பகல் 12.40. கண்ணாடி வளையல் இருபத்து நான்கு, தங்கத் தோடு ஒரு ஜோடி, சின்னப் பட்டுப்பாவாடை ஒன்று. நாளைக் காலை பத்து மணிக்கு இவை கோலக்கிராயில் இருக்க வேண்டும். நானும் இருக்க வேண்டும்.

மச்சான், ஒரு மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும். ஆனால் உன் பையை இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். அதன் வாயைத் திறந்ததும் ரப்பர் ஷீட் புகை குப்பென்று அடித்தது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த நாற்றம் மட்டும் போகவில்லை.

விஷயம் இதுதான். உன் தங்கச்சி போன வாரம் என் பட்டறைக்குப் போன் செய்தாள். மகளுக்குக் காது குத்துகிறார்கள். "அண்ணே, எங்கண்ணன் இருந்தா அவன் மடியிலதான் வச்சுக் குத்தணும். இப்ப நீங்கதான் வரணும். பத்து மணிக்கு நேரம் குறிச்சிருக்காங்க. நீங்க லேட்டானா எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆள உக்கார வச்சிடுவாங்க. எனக்கு அது வேணாம்ணே." அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

அவளுடைய வளைகாப்புக்கு நாம் இருவரும் போனது உனக்கு நினைவிருக்கும். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இருந்ததால் ஆங்காங்கே ராணுவச் சாவடி, பொழுது சாய்ந்தால் கேட்டை இழுத்து மூடிவிடுவார்கள். என் ஸ்கிராம்ப்ளர் மோட்டார் சைக்கிளில் நான் செய்த இரண்டு அலுமினியப் பெட்டிகள். இரண்டு மில்லி தகடு, மூலைக்கு மூலை ரிவெட், உள்ளே குறுக்குப் பட்டை, மேலே பூட்டு. உன் வண்டியில் நீ செய்த இரண்டு பைகள். கான்வாஸில் ரப்பர் பால் பூசி, உங்கப்பா வேலை செய்த எஸ்டேட் புகைக்கூடத்தில் ஷீட்டுகளோடு சேர்த்துத் தொங்கவிட்டு எடுத்தாய். பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாம். நீ பையைக் காட்டியபோது நான் கேட்டேன், "இதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

"ஒம் பொட்டிய தகரம்னு கூப்பிடலாமா, இல்ல கோச்சுக்குவியா?"

"அலுமினியம்டா."

"தகரந்தான் லா. தட்டுனா சத்தம் வருதுல்ல."

சுங்கை சிப்புட்டில் உன் வீட்டு வாசலில் வளையலை எதில் வைப்பது என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் கண்ணாடிக்குப் பெட்டிதான் என்று முடிவானது. நான் செய்தித்தாளை எடுத்துச் சுற்றப் போனேன். உன் அம்மா கையைத் தட்டிவிட்டார். "பழைய பேப்பர்ல சாவுச் செய்தியெல்லாம் இருக்கும். வளைகாப்பு வளையல அதுலயா சுத்துவ?" பழைய துண்டும் ஆகாது. புதுப் புடவை, புதுத் துண்டு எல்லாம் ஏற்கெனவே உன் பைக்குள் கட்டியாகிவிட்டது. உனக்கு அவிழ்க்கச் சோம்பல், எனக்குப் பொறுமை இல்லை. வளையல் அட்டை டப்பாவோடு வெறுமனே என் பெட்டிக்குள் போனது.

கெரிக் தாண்டி மழை. மண் சரிந்து சாலை முழுக்கச் சேறு. முதலில் நீ விழுந்தாய். வண்டி உன் கால் மேல் சாய்ந்தது. பை நசுங்கிக் கொடுத்ததால் காலை உருவிக்கொண்டு எழுந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டே நானும் விழுந்தேன். பெட்டி தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கியது, எனக்குக் கீறல்கூட இல்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த சாவடி வரும்வரை.

அங்கே சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மூடி நெளிந்து மாட்டிக்கொண்டுவிட்டது. சாவி திரும்பியது, மூடி வரவில்லை. அந்தக் காட்டில், அந்தக் காலத்தில், திறக்க முடியாத உலோகப் பெட்டியோடு ஒருவன் வந்தால் யார் நம்புவார்கள்? அவன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். இன்னொருவன் கேட் பக்கம் நடந்தான். நான் திருப்புளியை மூடி இடுக்கில் செருகி நெம்பினேன். உன் பையை அவர்கள் ஏற்கெனவே திறந்து, முகர்ந்து, முகம் சுளித்து விட்டுவிட்டார்கள். நீ என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாய். துப்பாக்கிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாய் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நல்லா செஞ்சிருக்க மச்சான். செஞ்சவனாலயே தொறக்க முடியல."

"வாய மூடு."

"மூடிக்கிறேன். நீ பொட்டியத் தொற."

நெம்பித் திறந்தபோது உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடித் தூள். சிப்பாய் எட்டிப் பார்த்து, ஒரு முழு வளையலை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டைக் காட்டினான். கடந்த பிறகு நீ சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "பொட்டிக்கு ஒண்ணும் ஆவல மச்சான். உள்ள இருந்ததுக்குத்தான் ஆச்சு."

பாதி வளையல் மிஞ்சியது. உடைந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாமல் கோலக்கிராயில் மீதியை வாங்கிச் சேர்த்தோம். உன் பையில் வந்த புடவையைப் பிரித்ததும் சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னப்பா, புகைக்கூடத்துலயா துவைச்சீங்க?" உன் தங்கச்சி அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க எஸ்டேட் லயத்து வாசம். நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அந்த வாக்குவாதத்தை நாம் முடிக்கவே இல்லை. இன்னொரு முறை அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வோம் என்றாய். அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய். ரோட்டில் போயிருந்தால்கூட எதிலாவது குறை கண்டுபிடித்திருப்பேன். காய்ச்சலில் என்னத்தைக் கழற்றிப் பார்ப்பது?

நேற்று லகாட் ஈயச் சுரங்கக் குட்டை ஓரம் ஓட்டிச் சோதித்தேன். பெட்டிக்கு அடியில் இப்போது அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் போட்டிருக்கிறேன். அப்படியும் சோதனைக்குப் போட்ட ஆறு வளையலில் இரண்டு போய்விட்டது. உன் பையில் போட்ட ஆறும் முழுசாக வந்தது. ஆனால் பையின் மடிப்பிலெல்லாம் ரப்பர் பால் வெடித்துவிட்டது, மழை வந்தால் ஒழுகும். சைலன்சர் பக்கம் உருகி ஒட்டுகிறது. பெட்டிக்குள் பையை இறக்கலாம் என்றால் என் குறுக்குப் பட்டை இடிக்கிறது. ஒன்று பையை வெட்ட வேண்டும், இல்லை பெட்டியை.

நாலு மணிக்குள் கெரிக்கைத் தாண்டவில்லை என்றால் இன்று கேட் கிடைக்காது. இனி செய்யப் போவது:

1. பெட்டியின் குறுக்குப் பட்டையை அறுத்து எடுப்பேன். பெட்டி நெளிந்தால் நெளியட்டும்.
2. வளையலைப் புதுப் பாவாடையில் சுற்றி உன் பைக்குள் வைத்து, பையைப் பெட்டிக்குள் இறக்குவேன்.
3. பூட்டுப் போட மாட்டேன். சாவடியில் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டுவேன்.
4. பாவாடை புகை நாறும். சம்பந்தியம்மா கேட்டால், மாமன் வீட்டு வாசம் என்பேன்.
5. பத்து மணிக்கு உன் இடத்தில் உட்காருவேன். பிள்ளை திமிராமல் இறுக்கிப் பிடிக்க வேண்டுமாம், வலிக்கவும் கூடாதாம். எனக்கு அது இன்னும் சரியாக வராது. பிடித்துக்கொள்வேன்.