அரைக் கட்டை அரைக் கட்டையாக

ஜூலை 4, வெள்ளி

இன்று வெஸ்னா ஆன்ட்டியிடம் சொல்லாதது: "அது உங்க தொண்டை இல்ல. நான் அமுக்கின பட்டன்."

முதல் சுற்று பாடிவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கீபோர்டில் சாய்ந்தார். "பாத்தியா கண்ணு, அந்த உச்சி இடம்? நாப்பது வயசுலகூட குரல் இப்படி நிக்கல. தோமஸ் மேலருந்து பிடிச்சிக்கிறாரு." ஆங்கிலமும் அப்பாவிடம் கற்ற தமிழுமாகப் பேசுவார். "கண்ணு" அப்பாவின் சொல்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன்.

தோமஸ் என் அப்பா. ஜனவரியில் இறந்துபோனார். பிப்ரவரியிலிருந்து இந்த ஜொகூர் பாரு ஹோட்டல் லவுஞ்சில் அவர் நாற்காலியில் நான். அவர் விட்டுப்போனபோது கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் இரண்டு; அசல் சுருதிக்கு இரண்டு அரைக் கட்டை கீழே. இன்று மைனஸ் ஐந்து. ஆன்ட்டியின் குரல் உடையப்போகிறது என்று தோன்றிய வாரங்களில் அரைக் கட்டை, அரைக் கட்டையாக இறக்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் முகம் மலர்ந்தது. எப்படிச் சொல்ல?

ஜூலை 5

வாசித்தேன். வந்தேன். தூங்கினேன்.

ஜூலை 12, சனி

ஆன்ட்டியின் ஸாக்ரெப் கச்சேரிக்குத் தேதி வந்துவிட்டது. செப்டம்பர் 20. அவருடைய முதல் இசைத்தட்டு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள்.

குரோவேஷியாவில் ஜாஸ், ப்ளூஸ், சோல் என்று பாடிப் பெயரெடுத்தவர். போர் முடிந்தபின் மூன்று மாத ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். போனார், மறுபடி வந்தார். கடைசியில் உலு திராமில் வீடெடுத்துத் தங்கிவிட்டார். ஊரிலிருந்து முதலில் அழைத்தபோது முடியாது என்றவர், குரல் திரும்பிவிட்டதென்று நம்பித்தான் சம்மதித்திருக்கிறார். அங்கே பெரிய வாத்தியக் குழு. பழைய இசைத்தட்டின் சுருதி.

ட்ரம்ஸ் வாசிக்கும் டாரிலுக்குத் தெரியும். "அலமாக், ஐயோ கிறிஸ்டி! அங்க பட்டன் கிடையாது. வரிசையா ட்ரம்பெட்டோட உக்காந்திருப்பாங்க. சொல்லிடு லா."

"நீ சொல்லேன்."

"நான் தட்டுறவன். எனக்கு ஏது சுருதி?"

ஜூலை 19

அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், மைனஸ் ஐந்தில். சிக்னலில் வாயைத் திறந்தேன். பச்சை விழுந்தது.

அவரைக் காப்பாற்றுகிறேனா? இல்லை, அவர் நிறுத்தினால் இந்த நாற்காலியும் போய்விடும் என்றா?

அப்பாவுக்காக இன்னும் அழவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொடுவதுபோல இருக்கிறது — விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

ஜூலை 26, சனி

மதியம் ஒத்திகை. பூஜ்யத்தில் வைத்தேன். சொல்ல வராததை வாசித்துவிடலாம் என்றுதான்.

முதல் இரண்டு வரி ஓடியது. உச்சி இடத்தில் குரல் இல்லை. வெறும் காற்று. மறுபடி எடுத்தார். மறுபடி காற்று. டாரில் குச்சிகளை மடியில் வைத்தான்.

"எவ்ளோ இறக்கியிருந்த?" ஆன்ட்டி கேட்டார்.

"அஞ்சு."

"தோமஸ் ரெண்டு."

"தெரியும் ஆன்ட்டி. அவரும்தானே இறக்கினாரு—"

"என்னைக் கேட்டு இறக்கினாரு. ரெண்டு தடவையும் கேட்டாரு. நான் ஒரு வாரம் அவரோட பேசல. அப்புறம் சரின்னேன்." மைக்கைத் தாங்கியில் பொருத்தினார். "உன்னை நம்பி ஊருக்கு வரேன்னு சொல்லிட்டேன், கிறிஸ்டின்."

கிராப் டாக்சி பிடித்துப் போனார். என் கார் வாசலிலேயே நின்றது.

ஏன் கேக்கத் தோணல எனக்கு? ஒரு வார்த்தை. கேட்டிருக்கலாம்ல?

ஆகஸ்ட் 9

இரண்டு வாரமாக ஆன்ட்டி லவுஞ்சுக்கு வரவில்லை. இன்று வாட்ஸ்அப்பில்: "அஞ்சுதானே? அங்க குழுவுக்கு நோட்ஸ் எழுதணும்."

"அஞ்சு, ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க."

நீல டிக். அவ்வளவுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

ஸாக்ரெப்பில் பாடினார். மைனஸ் ஐந்தில். குழு முழுவதற்கும் அந்தச் சுருதியில் நோட்ஸைப் புதிதாக எழுதிக்கொடுத்தார்களாம். டாரில் காணொளி காட்டினான். குரல் கனத்து, இருண்டு, முழுதாக இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது.

திரும்பி வந்த அன்று செனாய் விமான நிலையத்துக்கு டாரிலைத்தான் வரச் சொல்லியிருந்தார்.

இன்று லவுஞ்சுக்கு வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். முதல் பாட்டுக்கு முன் கீபோர்டைச் சுற்றி என் பக்கம் வந்து, கண்ணாடி போட்டு, குனிந்து திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, தொடங்கலாம் என்று டாரிலுக்குத் தலையசைத்தார்.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் வந்து பார்த்தார்.