தவிட்டுக் கிளிமீனும் நீலக் கிளிமீனும்

யூன் 11, செவ்வாய்

கச்சான் காற்று. மீன்பிடித் திணைக்களக் கந்தோர் மேசையெல்லாம் புழுதி. காலையிலிருந்து மீன் போத்தல்களுக்கு, மீன் அழுகாமல் காக்கும் போமலின் மாற்றும் வேலை.

மீன் கையேடு திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறதாம். பொறுப்பதிகாரி ந. சேர் கிளிமீனை இரண்டு இனமாகப் பிரித்து எழுதிவிட்டார். நீலம், வெளிப்பாறையில். தவிட்டு நிறம், கரையோரப் பாறையில். நீலம் "மிக அரிது".

அரிதா? நீல மீன் கிடக்கும் போத்தல்கள் எல்லாம் சண்டைக்கு முந்தியவை. அப்போது வள்ளங்கள் வெளிப்பாறைக்குப் போயின. இப்போது நேவி தரும் மீன்பிடி அனுமதிப் பாஸில் போட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லைக்குள் வலையில் விழுவது தவிட்டு நிறம்தான். சேர் எழுதியிருப்பது மீனின் வாழிடம் அல்ல. எங்கள் பாஸின் எல்லை.

சொல்லத்தான் போனேன். "என்ன பிள்ளை?" என்றார்.

"போமலின் முடியுது சேர்."

சீ.

யூன் 12, புதன்

இரண்டு நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது:

சொண்டு: ஒன்றே. பற்கள் ஒட்டிக் கிளி அலகுபோலத் தகடாகியவை.

தொண்டைக்குள் அரைக்கும் பல்: ஒன்றே. பவளத்தைச் சுரண்டி, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கிற மீன்.

கன்னத்துச் செதில் வரிசை: ஒன்றே.

துடுப்பு முள்: இந்தக் குடும்பம் முழுக்க ஒரே எண்ணிக்கை. சாட்சியாகாது.

வயிறு: வெட்டிய தவிட்டு நிறம் எல்லாம் சினை. நீலம் எல்லாம் ஆண்.

ஒரே இனம். பெண்ணாக இருந்து ஆணாகும்போது நீலமாகிறது. வேறு கடல்களில் இப்படி நடப்பதைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தோம். ஆனால் சேர் நம்ப, மாறிக்கொண்டிருக்கும் மீன் ஒன்றாவது வேண்டும்.

செருப்பு வார் அறுந்தது. ஊசி நூல் வாங்க வேண்டும்.

யூன் 16, ஞாயிறு

வீடு, சாம்பல்தீவு. அப்பா கடலிலிருந்து பிந்தி வந்தார். அம்மா அதுவரை அடுப்பெரியும் குசினிக்கும் வாசல் படலைக்கும் நடை.

கூடையில் ஒரு கிளிமீன். தலை தவிட்டு நிறம். வாலிலிருந்து நீலம் ஏறுகிறது. கூடையை வெளிச்சத்துக்கு இழுத்தேன்.

"எங்கை பிடிச்சனீங்கள் அப்பா?"

"காத்து வள்ளத்தை இழுத்துப் போட்டுது. மிச்சம் கேளாதை."

எல்லைக்கு அப்பால். எவ்வளவு தூரம் என்று இங்கேகூட எழுதமாட்டேன். தெரிந்தால் பாஸ் போய்விடும். பாஸோடு நின்றால் நல்லது.

குசினியிலேயே வெட்டினேன். சுருங்கிப்போன சினை, அதற்குள் ஆணின் வெள்ளைத் திரட்சி. கைவில்லையில் பெருப்பித்துப் பார்க்கத் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா: "பட்டம் எடுத்த பிள்ளை மீன்குடலைப் பாத்துச் சிரிக்குது. தலையையாவது தா, சொதி வைப்பம்."

"தலையும் வேணும் அம்மா."

"அப்ப போத்தலையே கலியாணம் கட்டு."

யூன் 17, திங்கள்

வழியில் ஆமிச் சோதனைச் சென்றியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் போத்தலை முகர்ந்து முகம் சுளித்தான். "சாப்பாடு?" என்றான் தமிழில்.

"படிப்பு" என்றேன். தலை குனியவில்லை.

கந்தோரில் சேர் போத்தல் மீனை நெடுநேரம் பார்த்தார். கைவில்லையைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"லேபிளிலை பிடிச்ச இடம் போடேல்லை."

"சொல்லேலாது சேர்."

என் முகத்தைப் பார்த்தார். அப்பா மீன்பிடிக்கிறவர் என்பது அவருக்குத் தெரியும். குரலைத் தணித்தார். "இடமில்லாத மீனைக் கொழும்பிலை ஏற்கமாட்டினம். இந்த முறை ரெண்டு இனமாவே போகட்டும் பிள்ளை."

"அப்ப இதை எந்தப் பக்கத்திலை போடுறது சேர்? இடத்தை விடுங்கோ. வயித்தைப் பாருங்கோ. வயிறு பொய் சொல்லாது."

தட்டச்சு நின்றது. முழுக் கந்தோரும் என்னைப் பார்த்தது. இருந்தும் கதிரையில் உட்காரவில்லை.

சேர் கையேட்டில் இரண்டாம் இனத்தைக் குறுக்காக வெட்டினார். "மிக அரிது" அதோடு போயிற்று. பிறகு போத்தல் லேபிளில் இடத்துக்கென்று வெறுமையாக இருந்த வரியைக் காட்டிப் பேனாவை என்னிடம் நீட்டினார். "இதுக்கு ஏதாவது எழுதத்தானே வேணும். நீரே எழுதும்."

எழுதினேன். இடம்: கடல்.